தெலுக் பாஹாங்கில் ஓர் இரட்டை நீர் ஏரி: எந்த மாதம் போகலாம், எப்படிப் போகலாம்?

பிள்ளைகளுக்கு விடுமுறை வந்துவிட்டது. வெயில் கொளுத்துகிறது. கடலும் வேண்டும், காடும் வேண்டும், ஒரு நாளில் போய்த் திரும்பவும் வேண்டும். சிடாம் கிரி, பாடாங் செராய், சுங்கை பட்டாணி பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது பினாங்கு தேசியப் பூங்கா. பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பாஹாங்கில் சாலை முடியும் இடத்தில் அதன் வாசல் இருக்கிறது.

பூங்கா என்றால் ஊஞ்சலும் புல்தரையும் இருக்குமா? இருக்காது. இது அசல் காடு. முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பு நிலமாக இருந்தது, 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவானது. நிலமும் கடலுமாகச் சேர்த்துச் சுமார் 2,500 ஹெக்டர்தான். உலகின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று என்பார்கள். சிறியது என்று எளிதாக நினைத்துவிடாதீர்கள். உள்ளே வண்டி போகாது, சாப்பாட்டுக் கடை கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் படகில் போக வேண்டும்.

ஏரி எங்கே இருக்கிறது? பந்தாய் கெராச்சூட் என்ற கடற்கரையை ஒட்டி, மணல் மேட்டுக்குப் பின்னால். காட்டு ஓடைகளின் நல்ல தண்ணீர் ஒரு பக்கமிருந்து வந்து சேர்கிறது, கடல் நீர் மறுபக்கமிருந்து நுழைகிறது. உப்பு நீர் கனமானது, அதனால் அடியில் தங்கிவிடும். நல்ல தண்ணீர் அதன்மேல் நிற்கும். கலக்காமல் வைத்த சிராப் பாண்டோங்கில் சிராப் அடியிலும் பால் மேலேயும் நிற்குமே, அப்படி. இப்படிப்பட்ட ஏரிக்கு மெரோமிக்டிக் ஏரி (அடுக்குகள் முழுதாகக் கலக்காத ஏரி) என்று பெயர். மேலே உள்ள நீர் குளிர்ந்தும் கீழே உள்ளது வெதுவெதுப்பாகவும் இருக்கும். உலகத்தில் இத்தகைய ஏரிகள் அதிகமில்லை.

அப்படியானால் வெயில் காலத்தில் போனால் பார்த்துவிடலாமா? இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்து திரும்புகின்றன. இந்த ஏரி ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மழை குறைந்தால் ஓடை மெலியும், ஏரி வற்றும். கடும் வறட்சியில் நீங்கள் பார்ப்பது சேற்று நிலமாகத்தான் இருக்கும். அதனால் எந்த மாதம் போவது என்று கேட்பதற்கு முன், எதைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் வடபகுதிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. பாதை காய்ந்திருக்கும், கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நடைக்கும் கடற்கரைக்கும் இதுவே நல்ல நேரம், ஏரிக்கு அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடியோடு மழை வரும். ஏரியில் தண்ணீர் ஏறத் தொடங்கும், காலைப் பொழுது பெரும்பாலும் தெளிவாக இருக்கும். இரண்டையும் ஓரளவு பார்க்க நினைப்பவருக்கு நான் இந்த மாதங்களைத்தான் சொல்வேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஏரி நிறைந்திருக்கும். ஆனால் பாதை வழுக்கும், அலை பெரிதானால் படகும் ஓடாது. 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல்மழையும் மண்சரிவும் உங்களுக்கு நினைவிருக்கும். மலைச்சரிவில் நடக்கப் போகிறவர்கள் அதை மறக்கக் கூடாது. கனமழைக்குப் பிறகு பாதைகளை மூடிவிடுவதும் உண்டு. கிளம்புவதற்கு முதல் நாள் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையை (பெர்ஹிலித்தான்) அழைத்து, கெராச்சூட் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

வெயில் தாங்குமா? பாதையின் பெரும்பகுதி மர நிழல்தான். ஆனால் காட்டுக்குள் காற்று நகராது, வியர்வை உலராது. நிழலில்தானே நடக்கிறோம் என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வதுதான் ஆபத்து. ஆளுக்கு இரண்டு லிட்டராவது தூக்கிச் செல்லுங்கள், உள்ளே வாங்க முடியாது. மூன்று நாள் தொடர்ந்து 35 பாகைக்கு மேல் வெப்பம் போனால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடும். கெடா மாவட்டங்களின் பெயர் அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும். அந்த வாரத்தில் சிறு பிள்ளைகளையும் இரத்த அழுத்தம் உள்ளவர்களையும் மலைப்பாதையில் நடக்கவைக்க வேண்டாம்.

எந்தக் கிழமை போவது? கெடாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நமக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். ஆகவே வெள்ளிக்கிழமை நமக்கு விடுமுறை, அங்கே வேலை நாள். பத்து ஃபெரிங்கி சாலையில் நெரிசல் குறைவு, கடற்கரையிலும் கூட்டம் குறைவு. வெள்ளியன்று கோயிலுக்குப் போகும் வழக்கமுள்ள வீடுகளுக்கு இது சங்கடம்தான், மாலைப் பூசைக்குத் திரும்பிவிடுவது கடினம். வெள்ளிக்கிழமை போவதானால் காலையிலேயே வாசலில் இருங்கள். நண்பகல் தொழுகை நேரத்தில் அரசு முகப்பிடங்களில் இடைவேளை இருக்கும்.

எப்படிப் போவது? காரில் என்றால் பிறை வழியாகப் பாலம் ஏறி, ஜார்ஜ்டவுனைக் கடந்து, பத்து ஃபெரிங்கியின் வளைவுகளில் போக வேண்டும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வயிறு புரட்டும் பிள்ளை இருந்தால் காலைப் பசியாறலை அளவோடு கொடுங்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்தில் 2019 முதல் டோல் இல்லை.

கார் இல்லாதவர்கள் சுங்கை பட்டாணியில் கோமுட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கலாம். பக்கத்திலேயே ஃபெரி. அக்கரையில் 101ஆம் எண் ரேப்பிட் பினாங்கு பஸ் தெலுக் பாஹாங் வரை போகும். காரைவிட நேரம் பிடிக்கும், ஆனால் ரயிலும் ஃபெரியும் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி. ஃபெரியில் இப்போது ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும்தான் போகலாம், காரை ஏற்ற முடியாது. பழைய ஃபெரியை நினைத்துக் காரோடு போய் நிற்காதீர்கள்.

வாசலில் என்ன செய்ய வேண்டும்? முகப்பில் பெயரைப் பதிய வேண்டும். காட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அலுவலர்களுக்குத் தெரிவது உங்கள் பாதுகாப்புக்கு. குடிமக்களுக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு என்பதால் எல்லோருடைய அடையாள அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடலோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் பாதை பிரியும். இடப்பக்கம் மலையேறி கெராச்சூட்டுக்குப் போகிறது. வலப்பக்கம் கடலோரமாகவே தெலுக் டுயோங் என்ற குரங்குக் கடற்கரைக்கும், அதற்கு மேலே 1883இல் கட்டிய மூக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கும் போகிறது. ஒரே நாளில் இரண்டு பக்கமும் போக ஆசைப்படாதீர்கள். ஏரி வேண்டுமென்றால் இடப்பக்கம். ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். முதல் பாதி ஏற்றம், பிறகு இறக்கம். ஜப்பான் சிலிப்பர் வேண்டாம், பிடிப்புள்ள காலணி போடுங்கள்.

பாட்டியைக் கூட்டிப் போகலாமா? கூட்டிப் போகலாம், படகில். வாசலுக்கு அருகில் படகுகள் இருக்கும், கெராச்சூட்டில் இறங்குதுறையும் உண்டு. வாடகை ஆளுக்கா, படகுக்கா, போகவர இரண்டுக்கும் சேர்த்தா என்று ஏறும் முன்பே கேட்டு முடிவு செய்யுங்கள். நடக்க முடிந்தவர்களுக்கும் நான் சொல்லும் வழி, போகும்போது நடை, திரும்பும்போது படகு. களைத்த பிள்ளைகளோடு பிற்பகல் மழையில் மலையேறும் தொல்லை இதனால் மிச்சமாகும். படகுக்காரர் வரும் நேரத்தைக் காலையிலேயே பேசிவிடுங்கள், உள்ளே போய்க் கைத்தொலைபேசியில் அழைத்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம்.

ஏரியில் குளிக்கலாமா? கூடாது. அடியில் சேறு, ஆழம் தெரியாது. கெராச்சூட் கடலிலும் குளிக்க வேண்டாம். மணல் அழகாக இருக்கிறதே என்று பிள்ளைகள் இறங்கப் பார்ப்பார்கள். அங்கே நீரோட்டம் வலுவானது, கொட்டினால் உயிருக்கே ஆபத்தாகும் சொறிமுட்டைகளும் (ஜெல்லி மீன்கள்) பினாங்குக் கடலில் உண்டு. இதில் மட்டும் பிள்ளைகளின் அழுகைக்கு இரங்காதீர்கள்.

ஏரி வற்றியிருந்தால் பயணம் வீணா? இல்லை. அதே கடற்கரையில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பேராமை ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையிலும், பங்குனி ஆமை செப்டம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் முட்டையிட வரும். வருவது இரவில் என்பதால், பகலில் போகும் நீங்கள் தாய் ஆமையைப் பார்ப்பது அரிது. ஆனால் மணலில் புதைத்துக் காக்கும் முட்டைகளையும், தொட்டியில் குஞ்சுகள் இருந்தால் அவற்றையும் காட்டுவார்கள். ஒரு பேராமை ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை இடும், குஞ்சு பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் பெருகும். நம்மை வாட்டும் வெயில் அந்த முட்டைக்குள்ளும் வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே காட்டிச் சொல்லுங்கள். குஞ்சுகளைத் தொட வேண்டாம், பளிச்சொளி போட்டுப் படம் எடுக்கவும் வேண்டாம்.

சாப்பாட்டை எப்படிக் கொண்டுபோவது? கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் குரங்குகள் பாய்ந்து பிடுங்கும். எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் வைத்து மூடுங்கள், குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

ஏரியில் இறங்கிக் குளித்தே ஆக வேண்டும் என்று வீட்டில் ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அவருக்குரிய இடம் கெராச்சூட் அல்ல. நம் கெடாவிலேயே லங்காவியில் தாசேக் டாயாங் புந்திங் இருக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவே மெல்லிய சுண்ணாம்புப் பாறைச் சுவர்தான், ஆனால் ஏரி முழுக்க நல்ல தண்ணீர். மிதவைச் சட்டை அணிந்து அங்கே குளிக்கலாம். குவாலா கெடாவிலிருந்து ஃபெரி ஏற வேண்டும், ஓர் இரவு தங்கும் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.