மதுக்கூடத்தின் கடைசி ஒரு மணி

ஒரு மதுக்கூடத்தை நள்ளிரவோடு மூடச் சொல்வதா, அல்லது பின்னிரவு 1 மணி, 2 மணி என்று இன்னும் சிறிது நேரம் திறந்து வைக்க இடங்கொடுப்பதா என்னும் கேள்வி, ஒரு நகர சபையின் நிகழ்ச்சி நிரலில் சாக்கடை மராமத்துக்கும் தெருவிளக்குக்கும் நடுவே ஒரு சிறு விஷயமாக வந்து நிற்பது வழக்கம். மனுப் போட்டிருப்பவர் ஒரு வியாபாரி. அவர் கேட்பதோ ஒரே ஒரு மணி நேரம். ஆட்சேபிப்பவர்கள் அடுத்த தெருவில் தூக்கம் கெட்டுப்போன சில குடும்பத்தார். மேலோடு பார்த்தால் விவகாரம் அற்பமானதுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த நகரங்களில், அதற்குப் பின் என்ன நேர்ந்தது என்பதைப் பொறுமையோடு கணக்கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை ஊன்றி வாசிக்கும் எவரும், மனிதருடைய உடம்பையும் உயிரையும் இவ்வளவு நேராகத் தொடும் அதிகாரம் ஒரு நகர நிர்வாகத்தின் கையில் வேறு அதிகம் இல்லை என்றே முடிவு கட்டுவார்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஹண்டர் நதி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்திருக்கும் நியூகாஸில், நிலக்கரி ஏற்றுமதியில் உலகப் புகழ் பெற்ற துறைமுகம். 1915 முதல் நகரத்துக்குச் சோறு போட்டு வந்த பெரிய உருக்காலை 1999-இல் மூடப்பட்டது. நகரின் மத்தியில் ஒன்றை அடுத்து ஒன்றாக இருந்த பெரிய மதுக்கூடங்கள் காலை 5 மணி வரையிலும் மது வழங்க அனுமதி பெற்றிருந்தன. வார இறுதி இரவுகளில் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாய் ஒரு கூடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதும், வழியில் வாய்ச்சண்டை கைகலப்பாக முற்றுவதும், விடியற்காலத்தில் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு உடைந்த தாடைகளையும் கிழிந்த முகங்களையும் தைத்துக்கொண்டிருப்பதும் அந்நகரத்தின் நித்திய வழக்கமாகி விட்டன. போலீஸார் முறையிட்டனர், நகரவாசிகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அதன் பேரில் 2008 மார்ச் மாதத்தில் மாநில மது நிர்வாக வாரியம் நகர மையத்திலிருந்த 14 மதுக்கூடங்களுக்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது: 3 மணிக்கு மூடிவிட வேண்டும், 1 மணிக்குப் பிறகு புதிதாக எவரையும் உள்ளே விடக்கூடாது. உரிமையாளர்கள் எதிர்த்து வாதாடிய பின், அவ்வாண்டு ஜூலையில் இவ்விரண்டு எல்லைகளும் அரை மணி தளர்த்தப்பட்டு, முறையே 3.30 என்றும் 1.30 என்றும் நிலைபெற்றன.

பலன் என்ன ஆயிற்று என்பதை ஆராய்ந்தவர்கள் ஊகத்தில் காலம் கழிக்கவில்லை. அண்டையிலேயே, மதுக்கூடங்கள் மலிந்த, ஆனால் இவ்வுத்தரவுக்கு உட்படாத ஹாமில்டன் என்னும் பகுதியை ஒப்பு நோக்குவதற்காக எடுத்துக்கொண்டு, இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே போலீஸ் பதிவேட்டில் ஏறிய தாக்குதல்களை எண்ணினார்கள். நகர மையத்தில் மூன்று மாதத்துக்கு 99 என்றிருந்த எண்ணிக்கை ஏறக்குறைய 68 ஆகக் குறைந்தது. ஹாமில்டனிலோ குறிப்பிடத்தக்க குறைவு ஏதும் இல்லை. ஒப்பிட்டுக் கழித்துப் பார்த்தபோது தாக்குதல்களின் வீழ்ச்சி 37 சதவீதம் என்று கண்டார்கள். நகர மையத்திலிருந்து விரட்டப்பட்ட கலகம் ஹாமில்டனில் போய்க் குடியேறும் என்று சிலர் சொல்லியிருந்த ஆரூடமும் பலிக்கவில்லை. ஒரு புதிய போலீஸ் படையை ஏற்படுத்தி இத்தனை நன்மை பெறுவதென்றால் எவ்வளவு பொருள் செலவாகியிருக்கும்! கடிகாரத்தின் முள் ஒன்றரை மணி நேரம் பின்னோக்கி நகர்ந்ததையும், புதிதாக வருவோருக்குக் கதவு முன்னதாகவே அடைபட்டதையும் தவிர இங்கே பெரிதாக ஒன்றும் செய்யப்படவில்லை.

காலத்தைச் சுருக்கினால் தாக்குதல் குறைவது உண்மையென்றால், நீட்டினால் கூடுவதும் உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? அதற்கும் சாட்சியம் உண்டு. ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில் கேளிக்கைக்குப் பேர்போன ஐந்து பகுதிகளுள் இரண்டில் மட்டும், 2009 ஏப்ரல் முதல், மூடும் நேரம் ஒரு மணி தள்ளிவைக்கப்பட்டது. பிற பகுதிகளோடு ஒப்பிட்டபோது, அவ்விரு பகுதிகளில் குடியின் காரணமாகக் காயமுற்று ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்ட நிகழ்ச்சிகள் 34 சதவீதம் அதிகரித்திருந்தன. நார்வேயில் 18 நகரங்களின் பத்தாண்டுக் கணக்கைப் பரிசீலித்த இருவர், மூடும் நேரம் ஒரு மணி கூடும்போது வன்முறை ஏறத்தாழ 16 சதவீதம் கூடுவதாகவும், ஒரு மணி குறையும்போது அவ்வளவே குறைவதாகவும் கண்டார்கள். நாடு வேறு, சட்டம் வேறு, குடிக்கும் பானமும் வேறு. ஆயினும் கணக்கு மட்டும் ஒரே திசையைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது.

மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடைப்பட்ட ஒரு மணியும், பின்னிரவு 2 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட ஒரு மணியும் கடிகாரத்தில் சமமே தவிர மனிதனுடைய சரீரத்தில் சமமல்ல. ஆஸ்திரேலியாவில் ஓர் 'அளவு' மது என்பது 10 கிராம் சாராயம். ஏறக்குறைய அவ்வளவைத்தான் நம் ஈரல் ஒரு மணி நேரத்தில் செரித்துக் கழிக்கும். அதற்கு மேல் உட்சென்றதெல்லாம் இரத்தத்தில் நின்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிறது. கடைசிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியேறிய பின்னும் சிறிது நேரம் வரையில் மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். இதனோடு தூக்கமின்மையும் சேர்கிறது. 1997-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட சோதனை இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவனுடைய கைத்திறமும் கவனமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவனுடைய நிலைமைக்குத் தாழ்ந்துபோகின்றன என்று அவர்கள் கண்டார்கள். அந்நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் விதித்த எல்லையும் அதுவே. காலை 7 மணிக்கு எழுந்தவனுக்கு நள்ளிரவிலேயே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. பின்னிரவு 3 மணிக்கு 20 மணி நேரம். ஒரு சொட்டும் அருந்தாமல் அந்த வேளையில் விழித்திருப்பவனே பாதி மயக்கத்தில் இருக்கிறான் என்றால், மாலையிலிருந்து அருந்தி வந்தவனுடைய நிதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் தெருவுக்கு வந்தபின் நடப்பதையும் கவனிக்க வேண்டும். சிட்னி மாநகரில் ரயில்கள் பின்னிரவு 1 மணி சுமாருக்கு நின்று, விடியற்காலை நாலரை மணியளவில்தான் மறுபடி ஓடத் தொடங்கும். டாக்ஸி ஓட்டுநர்கள் முறை மாறி வண்டியைக் கைமாற்றிக்கொள்ளும் வேளை நெடுங்காலம் 3 மணியாக இருந்தது. இவ்வாறு வீடு திரும்ப வண்டி அகப்படாத நேரத்தில், ஒரே தெருவில் உள்ள பல கூடங்கள் தம் விருந்தினரை நடைபாதையில் இறக்கிவிடுகின்றன. டாக்ஸிக்காக நிற்கும் வரிசையிலும், தின்பண்டக் கடை வாசலிலும், ஒருவன் தோள் மற்றொருவன் தோளில் உராய்வதே பகைக்குப் போதுமான காரணமாகி விடுகிறது. இத்தனைக்கும் மதுக்கூடத்தின் உள்ளே எவ்விதக் குற்றமும் நிகழ்ந்திராது. உரிமையாளர் விதிகளையெல்லாம் அட்சரம் பிசகாமல் அனுசரித்தவராகவே இருக்கலாம். லாபம் கதவுக்கு உள்ளேயும் நஷ்டம் கதவுக்கு வெளியேயும் பிரிந்து போகின்ற இந்த ஏற்பாட்டைத்தான், ஒரு மணி நேரம் நீட்டிக்கும் தீர்மானத்தில் கையெழுத்திடுவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

அப்படியானால் எவ்வளவுக்கெவ்வளவு சீக்கிரம் மூடுகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நன்மை என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் பாதையிலும் நியூ சவுத் வேல்ஸ் நெடுந்தூரம் சென்று திரும்பியிருக்கிறது. 1916 பிப்ரவரியில், முதல் உலக யுத்தத்துக்காகப் பயிற்சி பெற்றுவந்த சிப்பாய்கள் முகாமை விட்டுக் கிளம்பி, வழியிலிருந்த மதுக்கூடங்களைச் சூறையாடிச் சிட்னியில் பெருங்கலகம் விளைத்தார்கள். ஜனங்கள் திகிலடைந்தனர், நெடுநாளாக மதுவை எதிர்த்துக் கிளர்ச்சி செய்துவந்த மாதர் சங்கத்தார் முதலியோரின் குரல் ஓங்கியது, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில், மதுக்கூடங்களை மாலை 6 மணிக்கே மூடிவிட வேண்டும் என்று பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தார்கள். யுத்தம் முடிந்தபின்னும் அந்தச் சட்டம் முடியவில்லை. வேலை விடுவது 5 மணி, கூடம் மூடுவது 6 மணி. இடையிலுள்ள அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மாலைப் பொழுதின் குடியை முழுவதும் முடித்தாக வேண்டிய நிர்ப்பந்தத்தினால், தொழிலாளர்கள் தோளோடு தோள் நெருக்கி, நின்றபடியே, கோப்பை மேல் கோப்பையாக விழுங்கினார்கள். பரிமாறுபவன் நீண்ட ரப்பர்க் குழாயின் முனையில் துப்பாக்கி போன்ற ஒரு திருகைப் பிடித்துக்கொண்டு, மேடை நெடுக நடந்தவாறே நீட்டிய கோப்பைகளில் பீரை நிரப்புவான். நாற்காலிகளும் மேஜைகளும் இடத்தை அடைக்கும் என்று அகற்றப்பட்டன. மூடியபின் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதற்கு எளிதாயிருக்கும் பொருட்டுச் சுவர்களில் வழவழப்பான ஓடுகள் பதிக்கப்பட்டன. அவ்வகைச் சுவர்கள் சிட்னியின் பழைய மதுக்கூடங்கள் சிலவற்றில் இன்றும் உள்ளன. அவற்றைக் காண்போர் அழகுக்காகச் செய்தவை என்றே எண்ணுவர்.

1947-இல் மறுபடியும் வாக்கெடுத்தபோது ஜனங்கள் 6 மணியையே விரும்பினார்கள். நீதிபதி மாக்ஸ்வெல் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமர்ந்து, இந்த அவசரக் குடியின் அவலத்தை அம்பலப்படுத்திய பிறகே, 1954 நவம்பரில் மிகச் சிறிய வித்தியாசத்தில் இரவு 10 மணி என்பது வென்று, 1955 பிப்ரவரி முதல் அமலுக்கு வந்தது. ஆகவே, நேரத்தை நீட்டிப்பது எக்காலத்தும் தீது என்று வாதிப்பவரோடு நான் சேரமாட்டேன். ஆறிலிருந்து பத்துக்கு நீட்டியது மனிதர்களுக்கு ஒரு நாற்காலியையும், உண்ண உணவையும், பேசிக்கொண்டிருக்க அவகாசத்தையும் அளித்தது. மூன்றிலிருந்து ஐந்துக்கு நீட்டுவதால் அவ்விதமான ஒன்று எவருக்கு வந்து சேர்கிறது என்று கேட்டால், திருப்தியான விடை எனக்குக் கிடைத்ததில்லை.

சிட்னியின் கதை இன்னும் சிக்கலானது. கிங்ஸ் கிராஸ் என்னும் பகுதியில் 18 வயது இளைஞர் இருவர், ஒருவர் 2012-லும் மற்றவர் 2013-இன் கடைசி இரவிலும், முன்பின் அறியாதவர்களின் ஒரே குத்தில் வீழ்ந்து, பின்னர் உயிர் துறந்தபோது, நாடே கொதித்தெழுந்தது. 2014 பிப்ரவரி முதல் அப்பகுதியிலும் நகர மையத்திலும் 1.30 மணிக்கு மேல் உள்ளே விடுவதும் 3 மணிக்கு மேல் மது வழங்குவதும் தடுக்கப்பட்டன. மறு வருஷம் மாநிலக் குற்றப் புள்ளிவிவரத் துறை வெளியிட்ட கணக்கில், தாக்குதல்கள் கிங்ஸ் கிராஸில் 32 சதவீதமும் நகர மையத்தில் 26 சதவீதமும் குறைந்திருந்தன. ஆனால் கூடவே இசைக் கச்சேரி நடந்த அரங்குகள் மூடப்பட்டன. வாத்தியக்காரர்களும் சமையற்காரர்களும் பிழைப்பு இழந்தனர். நாட்கள் செல்லச் செல்ல வேறு சில பகுதிகளில் தாக்குதல்கள் ஓரளவு கூடியதும் தெரியவந்தது. சூதாட்ட மாளிகை இருந்த இடம் மட்டும் தடைக்கு வெளியே நின்றதைக் கண்டு ஜனங்கள் மனம் புழுங்கியதிலும் நியாயம் இருந்தது. நகர மையத்தில் 2020 ஜனவரியிலும் கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும் அத்தடை நீங்கிற்று. வாத்தியக்காரர் இழந்த கூலியை நான் இலேசாக எண்ணவில்லை. எனினும், இரவில் ஒரு நகரம் உயிரோடிருக்க வேண்டுமானால் விடிய விடிய மது ஓடித்தான் ஆகவேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள என் மனம் இசையவில்லை. கச்சேரியை 4 மணி வரை நடத்த அனுமதித்து, மதுவை அதற்கு முன்பே நிறுத்துவதற்கு எந்தச் சங்கீதமும் குறுக்கே நிற்காது.

நடைமுறையில் சிட்னி நகர சபை ஒரு நல்ல ஏற்பாட்டைக் கைக்கொண்டிருக்கிறது. கூடுதல் நேரம் கேட்பவருக்கு அதைச் சாசுவத பாத்தியதையாக வழங்குவதில்லை. முதலில் ஒரு வருஷம் சோதனை. நடத்தை நன்றாயிருந்தால் மேலும் இரண்டு வருஷம். அதன் பின் ஐந்து வருஷம். வாசலில் வரிசை எங்கே நிற்கும், காவலர் எத்தனை பேர், காலிப் புட்டிகளை எந்நேரத்தில் தொட்டியில் கொட்டுவது என்பவற்றையெல்லாம் உரிமையாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும். பின்னிரவில் நூறு கண்ணாடிப் புட்டிகள் ஒருசேர இரும்புத் தொட்டிக்குள் விழும் ஓசையை ஜன்னலுக்கு நேர் கீழே கேட்டுத் துடித்தெழுந்தவருக்குத்தான், இந்தக் கடைசி விதி எவ்வளவு கருணையுடையது என்பது தெரியும்.

நியூகாஸிலிலும் கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒரே மாதிரியாக நிற்கவில்லை. 2020 அக்டோபரில், சிறிய மதுக்கூடங்களும் உணவகங்களும் 2 மணி வரை திறந்திருக்கலாம் என்று பன்னிரண்டு மாதச் சோதனை ஒன்று தொடங்கப்பட்டது. பெருங்கூடத்தில் இரைச்சலுக்கிடையே நின்றுகொண்டு குடிக்கும் பல நூறு பேரையும், உண்டபடி அமர்ந்து பேசும் சிலரையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்னும் எண்ணம் அதன் அடியில் இருந்தது. அதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் இத்தகைய சோதனைகளின் முடிவில் அபிப்பிராயம் கேட்கும்போது, உரிமையாளரையும் விருந்தினரையும் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வது தகாது. போலீஸ் பதிவேட்டில் ஏறாத காயங்கள் பல. ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் ஆம்புலன்ஸ் அழைப்புகளை எண்ணியதன் விசேஷம் அதுதான். அவசர சிகிச்சைப் பிரிவின் இரவுக் கணக்கும், அதே தெருவில் மாடியில் குடியிருப்பவர்களின் சாட்சியமும் சபையின் மேஜைமேல் வந்து சேராதவரையில், நீட்டித்த நேரத்தை ஒரு வருஷத்துக்கு மேல் ஊர்ஜிதம் செய்ய எந்த நகரசபை அங்கத்தினரும் கை தூக்கலாகாது.