அக்குவா மரைன் படகு விபத்து (2014)

அக்குவா மரைன் படகு விபத்து என்பது 2014 சனவரி 26 அன்று அந்தமான் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர் அருகே சுற்றுலாப் படகு ஒன்று கடலில் மூழ்கிய நிகழ்வாகும். இதில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சென்ற சுற்றுலாப் பயணிகள். 25 பேரை ஏற்றக்கூடிய படகில் 45க்கும் மேற்பட்டோர் இருந்ததாக அப்போது செய்திகள் வெளிவந்தன.

இடமும் பின்னணியும்

போர்ட் பிளேர் நகரின் பெயர் 2024 முதல் சிறீ விசயபுரம் என மாற்றப்பட்டுள்ளது. அந்நகருக்கு எதிரே, படகில் சிறிது நேரத்தில் சென்றடையும் தொலைவில் ராசு தீவு உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் நிருவாகத் தலைமையிடமாக விளங்கிய இத்தீவு, 2018 முதல் நேதாசி சுபாசு சந்திர போசு தீவு என அழைக்கப்படுகிறது. அதற்கு வடக்கே உள்ளது நார்த் பே. பழைய சிவப்பு நிற 20 ரூபாய்த் தாளின் பின்புறம் உள்ள காட்சி, இங்குள்ள கலங்கரை விளக்கத்தையும் தென்னை மரங்களையும் காட்டுவது.

நார்த் பே பகுதியில் கரையை ஒட்டியே பவளப்பாறைகள் உள்ளன. கண்ணாடி அடித்தளப் படகில் அமர்ந்து அவற்றைப் பார்க்கலாம். மூச்சுக்குழாய் அணிந்தோ, காற்றுக்கலன் சுமந்தோ நீருக்குள் மூழ்கியும் பார்க்கலாம். இதனால் ராசு தீவையும் நார்த் பேயையும் ஒரே நாளில் இணைத்துப் பார்க்கும் படகுப் பயணம் அந்தமான் சுற்றுலாவில் வழக்கமான ஒன்றாகிவிட்டது.

நிகழ்வு

அன்று குடியரசு நாள், ஞாயிற்றுக்கிழமையும்கூட. ராசு தீவிலிருந்து நார்த் பே நோக்கிச் சென்றுகொண்டிருந்த அக்குவா மரைன் படகு மாலை வேளையில் மூழ்கியது. அந்தமான், நாட்டின் பெரும்பாலான பகுதிகளுக்கு மிகவும் கிழக்கே இருப்பினும் இந்திய நேரத்தையே பின்பற்றுகிறது. எனவே அங்குச் சனவரி மாதத்தில் மாலை ஐந்தரை மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். தேடும் பணிக்கு வெளிச்சம் கிடைத்த நேரம் குறைவு.

இந்தியக் கடலோரக் காவல்படை, கடற்படை, காவல்துறை ஆகியவற்றுடன் அருகிலிருந்த படகுகளும் மீட்பில் ஈடுபட்டன. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். விபத்து குறித்து அந்தமான் நிருவாகம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

அதிகச் சுமை ஏன் ஆபத்தானது?

அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் படகு உடனே மூழ்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு நிகழ்வதில்லை. ஒரு கணக்கின் மூலம் இதை விளங்கிக்கொள்ளலாம்.

நீர்மட்டத்தில் 20 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அதில் 20 பேர் கூடுதலாக ஏறுகின்றனர். ஒருவரின் எடை சராசரியாக 60 கிலோ எனில், கூடுதல் சுமை 1,200 கிலோ. கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,025 கிலோ. ஆர்க்கிமிடீசு தத்துவப்படி இப்படகு கூடுதலாக அமிழ்வது சுமார் 6 சென்டிமீட்டர் மட்டுமே. கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. படகு நன்றாக மிதப்பதாகவே தோன்றும். ஆபத்து வேறு மூன்று வழிகளில் வருகிறது.

1. ஈர்ப்பு மையம் உயர்தல்: படகு ஒரு பக்கம் சாயும்போது அப்பக்கத்தில் நீருக்குள் அமிழும் பகுதி மிகுகிறது. அதனால் நீரின் மேல்நோக்கு விசை செயல்படும் புள்ளியும் அப்பக்கமாக நகர்ந்து, படகை மீண்டும் நிமிர்த்துகிறது. பயணிகள் மேல்தளத்தில் அமர்ந்தாலோ எழுந்து நின்றாலோ படகின் ஈர்ப்பு மையம் உயர்கிறது. நிமிர்த்தும் ஆற்றல் குறைகிறது.

2. சுமை ஒரு பக்கம் நகர்தல்: மூட்டைகளைக் கட்டி வைக்கலாம், மனிதர்கள் நகர்வார்கள். ஒரு காட்சியைப் பார்க்க அனைவரும் ஒரே பக்கம் திரண்டால் படகு சாயும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'சலகன்னியகா' என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். ஏரிக்கரையில் தென்பட்ட விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டது அப்போது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இறந்தவர்களில் தமிழ்நாட்டினரும் பலர்.

3. உள்ளே புகுந்த நீர்: விளிம்பு வழியாகவோ ஓட்டை வழியாகவோ ஒரு கன மீட்டர் நீர் புகுந்தால், ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை கூடுகிறது. அந்த நீர் ஓரிடத்தில் நிற்காமல், படகு சாயும் பக்கமே ஓடிச் சாய்வை மேலும் கூட்டும். எனவேதான் முதலில் மெதுவாகச் சாயும் படகு, பிறகு சில நொடிகளில் கவிழ்ந்துவிடுகிறது.

உரிமத்தில் குறிக்கப்படும் பயணிகள் எண்ணிக்கை இருக்கைகளை எண்ணி எழுதப்படுவதன்று. இந்த மூன்றையும் கருத்தில் கொண்டு விதிக்கப்படும் வரம்பு அது.

மீட்பு எவ்வாறு நடக்கிறது?

கடலில் தேடுதல், மீட்புப் பணிகளை இந்தியாவில் கடலோரக் காவல்படை ஒருங்கிணைக்கிறது. இதற்கான முதன்மை மையங்கள் மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் உள்ளன. கடலில் ஆபத்து நேர்ந்தால் 1554 என்னும் கட்டணமில்லாத எண்ணில் அழைக்கலாம். கப்பல்களும் பெரிய படகுகளும் வி.எச்.எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் உதவி கோருகின்றன. அழைப்பைக் கேட்ட கப்பல் உதவிக்குச் செல்ல வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல்சார் விதி.

ஆயினும் முதலில் வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் அருகிலிருக்கும் படகோட்டிகளே. 2024 திசம்பர் 18 அன்று மும்பையிலிருந்து எலிபண்டா தீவுக்குச் சென்ற 'நீல் கமல்' படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு ஒன்று மோதியது. 15 பேர் உயிரிழந்தனர். ஆனால் நூற்றுக்கு மேற்பட்டோர் பயணித்த அப்படகிலிருந்து பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டனர். துறைமுகப் பகுதி என்பதால் வேறு படகுகள் விரைந்து வந்து சேர முடிந்தது.

படகு எவ்வளவு அருகில் இருந்தாலும் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். நீச்சல் தெரியாதவர் அந்தச் சில நிமிடங்கள்கூடத் தாங்க மாட்டார். இந்த இடைவெளியைக் கடக்க உதவுவதே உயிர்காப்பு உடுப்பு (லைஃப் சாக்கெட்). கவிழும் படகில் அதைத் தேடி எடுத்து அணிய நேரம் இருக்காது. இருக்கைக்கு அடியில் அடுக்கி வைத்த உடுப்பு, இல்லாத உடுப்புக்குச் சமம்.

ஆழ்கடல் மூழ்குவோர் படகுகள்

கடலடி பார்க்கச் செல்வோர் பல நாள்கள் தங்கும் படகுகளில் வேறு வகை ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்பகுதியில் 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் 'கன்செப்சன்' என்னும் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் வெளியேற முடியாமல் இறந்தனர். மேலே இருந்த பணியாளர் ஐவர் மட்டும் தப்பினர். இரவு முழுவதும் ஒருவர் விழித்திருந்து சுற்றிவர வேண்டும் என்னும் விதி பின்பற்றப்படவில்லை என விசாரணையில் தெரியவந்தது.

2024 நவம்பர் 25 அன்று எகிப்தை ஒட்டிய செங்கடலில் 'சீ சுடோரி' படகு கவிழ்ந்தபோது, உள் அறைகளில் சிக்கிய சிலர் ஒரு நாளுக்கு மேல் கழித்தும் உயிருடன் மீட்கப்பட்டனர். அறைகளில் தங்கியிருந்த காற்றே அவர்களைக் காத்தது.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

- படகில் எழுதப்பட்டுள்ள அனுமதி எண்ணிக்கையைப் பார்த்து, ஏறியுள்ளவர்களை எண்ணுதல். கூடுதலாக இருந்தால் இறங்கிவிடுதல்.
- உயிர்காப்பு உடுப்பைக் கரையிலேயே அணிந்து, வார்களை இறுக்கிக் கட்டுதல். குழந்தைகளுக்கு அவர்களின் அளவுக்கேற்ற உடுப்பைக் கேட்டு வாங்குதல்.
- படம் எடுக்க ஒரே பக்கம் திரளாமல் இருத்தல்.
- தங்கும் படகாயின், வெளியேறும் வழிகள் இரண்டையும் முன்கூட்டியே பார்த்து வைத்தல்.
- நீரில் விழுந்தவர் அருகே நீந்திச் செல்லாமல், கயிறு, காலிக் குடம் போன்ற பிடிப்பொருளை வீசுதல்.
- மீட்கப்பட்டவருக்கு மூச்சு இல்லையெனில் வயிற்றை அழுத்தி நேரத்தை வீணாக்காமல், உடனே செயற்கை மூச்சும் மார்பு அழுத்தமும் தருதல். 108 எண்ணுக்கு அழைத்தல்.

உள்நாட்டு நீர்நிலைகளில்

காஞ்சிபுரம் நகரைப் போலவே சேலம், நாமக்கல் பகுதிகளுக்கும் கடல் இல்லை. ஆனால் இப்பகுதி மக்களுக்குப் படகும் ஆற்றுப் பெருக்கும் புதியவை அல்ல. ஏற்காடு ஏரியில் படகுத் துறை உண்டு. ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுகிறது. இராசவாய்க்கால் பிரியும் ஜேடர்பாளையத்தில் காவிரித் தடுப்பணையைக் காண விடுமுறை நாள்களில் குடும்பங்கள் திரள்கின்றன. கடலுக்குச் சொன்ன மூன்று காரணங்களும் ஏரிக்கும் ஆற்றுக்கும் அப்படியே பொருந்தும். ஆழம் குறைவு என்பது பாதுகாப்பு ஆகாது. ஆள் மூழ்கத் தலைக்கு மேல் ஒரு சாண் நீர் போதும்.

பள்ளிச் சுற்றுலாக்களில் பொறுப்பு ஆசிரியர்களுக்கு உரியது. மாணவர்களைப் பிரித்து இரண்டு நடையாக அனுப்பினால் அரை மணி நேரம் கூடுதலாகும். அக்குவா மரைன் விபத்தைப் பற்றிப் படிப்பவர்கள் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கத் தயங்கக் கூடாது.