காற்று, வெயில் மின்சாரத்தின் முன்மதிப்பீடும் அதைப் படமாய் வரைந்து பிழை காணும் முறையும்

நசரத்பேட்டையை அடுத்த கிராமங்களில் உள்ள நிலச்சுவான்தார்களுக்கு நீர்க்கணக்கு புதிதன்று. செம்பரம்பாக்கம் ஏரியில் இன்று எத்தனை அடி தண்ணீர் நிற்கின்றது என்று விசாரித்து, அதன் முழு மட்டமாகிய 24 அடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இப்பகுதியில் வழக்கமே. ஏரியில் தேங்கும் தண்ணீரைப் போல மின்சாரத்தைப் பெருமளவில் தேக்கி வைத்தல் எளிதன்று. உற்பத்தியும் செலவும் கணந்தோறும் சமமாயிருத்தல் வேண்டும். ஆகவே, நாளைக்குக் காற்றும் வெயிலும் எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை இன்றே மதிப்பிட வேண்டியிருக்கின்றது. மதிப்பீடு தவறினால், குறைந்த வேளையில் அதிக விலை கொடுத்து மின்சாரம் வாங்கவும், மிகுந்த வேளையில் காற்றாலைகளை நிறுத்தி வைக்கவும் நேரிடும். இவ்விரு நஷ்டமும் பொதுப் பணத்தையே சாரும். இலவச மின்சாரத்தைக் கொண்டு இறைக்கும் குடியானவருக்கும் இது புறம்பான விஷயம் அன்று.

தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வழியே வலுவாய் வீசுகின்றது. காற்றாலை தன் முழுச் சக்தியை எட்டும் வரையில், அதன் உற்பத்தி காற்றின் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயரும் இயல்புடையது. அதாவது வேகத்தை 10 சதவிகிதம் கூடுதலாக மதிப்பிட்டால், மின்சாரம் ஏறக்குறைய 33 சதவிகிதம் கூடுதலாகக் கணக்கிடப்பட்டு விடும். பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றுசக்தி நிறுவனம் 2015-இல் தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்கு முன்மதிப்பீடு செய்யத் தொடங்கிற்று. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இது குறித்து 2019-இல் விதிகள் வெளியிட்டது. ஒரு நாள் 15 நிமிஷங்கள் கொண்ட 96 கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, கூறு ஒவ்வொன்றுக்கும் மதிப்பீடு குறிக்கப்படுகின்றது.

30 நாட்களுக்கு இவ்வாறு சேரும் எண்கள் 2,880 ஆகும். இவற்றை ஜாபிதாவாக எழுதி வைத்தால் பிழையின் தன்மை விளங்காது; சராசரி கண்டாலோ பிழையே மறைந்து போகும். உதாரணமாக, மாலை 4 மணிக்குக் காற்று வலுக்கும் என்று மதிப்பிட்டிருக்க, அது 5 மணிக்கு வலுத்து, அதே அளவு பின்னேரம் நீடித்தது என்று கொள்வோம். நாளின் மொத்தம் சரியாகவே இருக்கும். ஆனால் 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் உண்டான பற்றாக்குறையை மின் விநியோகத்தை நடத்துவோர் சமாளித்தே தீர வேண்டும்.

இதையே கட்டம் போட்ட காகிதத்தில், மதிப்பிட்டதைக் கறுப்புக் கோடாகவும் விளைந்ததைச் சிவப்புக் கோடாகவும் வரைந்து பார்க்க. சிவப்புக் கோடு அதே வடிவத்தோடு வலப்புறம் தள்ளி நின்றால், பிழை நேரத்தில் உள்ளது. நாள் முழுவதும் கறுப்புக் கோட்டுக்குக் கீழேயே நின்றால், பிழை அளவில் உள்ளது. சில காற்றாடிகள் பழுதாகி நிற்கலாம்; அல்லது சூரிய ஒளித் தகடுகளில் தூசி படிந்திருக்கலாம். நோய்க்கேற்ற மருந்து போல, இவ்விரண்டுக்கும் பரிகாரம் வெவ்வேறானது.

மற்றொரு படமும் பிரயோஜனமுள்ளது. நாட்களை மேலிருந்து கீழாகவும், மணிகளை இடமிருந்து வலமாகவும் வைத்துக் கட்டங்கள் வரைந்து, மதிப்பீடு மிகுந்த கட்டத்துக்கு ஒரு வர்ணமும் குறைந்த கட்டத்துக்கு வேறொரு வர்ணமும் தீட்டுக. சென்னைக்கு மேற்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை, பிற்பகலில் கடற்காற்று உள்ளே புகுந்து, மாலையில் இடியுடன் மழை பெய்வதுண்டு. இந்த மேகங்களை மதிப்பீடு கணக்கில் கொள்ளவில்லையெனில், பிற்பகல் வரிசையில் ஒரே வர்ணம் பட்டையாய்த் தோன்றும். இன்ன மாதத்தில் இன்ன வேளைக்குத் திருத்தம் வேண்டும் என்பது அப்போது தெளிவாகும்.

2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் ஒரு பிரிவு, தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சூரிய மின்நிலையம் அமைத்து மின்சாரத்தை விற்க விவசாயிகளுக்கு வகை செய்கின்றது. சூரிய ஒளித் தகடு வைத்திருக்கும் விவசாயிகள், சிறிய அளவிலேனும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். முதல் நாள் மாலை வானிலை அறிக்கையைப் பார்த்து, மறுநாள் மணிதோறும் கிடைக்கக்கூடிய யூனிட்டுகளைக் கறுப்பு மையால் குறிக்க வேண்டும். மறுநாள் மானியில் கண்டதைச் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். ஒரு மாதம் தவறாது செய்தால், தமது வயலுக்கு எந்த வேளையில் நம்பி நீர் பாய்ச்சலாம் என்பது கண்ணுக்கே புலப்படும். வெயில் மட்டான நாளில் குறித்த அளவு கிடைக்காதபோது, மதிப்பீட்டைப் பின்னர் மாற்றி எழுதிவிடுதல் கூடாது; பிழை அழிந்தால் படமும் பயனற்றுப் போகும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் இத்தகைய படம் ஒன்றைப் பலரும் காணும் இடத்தில் ஒட்டி வைத்து, ஆர்வமுள்ள விவசாயிகளுக்கு அதை வரையும் வகையையும் விளக்கிக் காட்டுவது நலம்.