புற ஊதாக் கதிர் பாத்திரத்தைத் தூய்மை செய்யுமா?

பாத்திரம் கொண்டு சென்று பண்டம் வாங்குவது நமக்குப் புதிய வழக்கம் அன்று. எண்ணெய்க்குத் தூக்குவாளியும், மோருக்குச் சொம்பும், மளிகைக்குத் துணிப்பையும் எடுத்துச் சென்ற தலைமுறையினர் இன்றும் நம் இல்லங்களில் இருக்கின்றனர். நாம் வாழும் இத் தில்லி மாநகரிலும், 1974-ஆம் ஆண்டு தோன்றிய மதர் டெய்ரி நிறுவனம், இயந்திரத்தின் வழியே பாலை அளந்து, வாங்குவோரின் பாத்திரத்திலேயே ஊற்றும் முறையைப் பரப்பியது. ‘டோக்கன் பால்’ என்னும் பெயரால் மக்கள் அதனை இன்றும் வாங்குகின்றனர். இடையில் வந்த பிளாஸ்டிக் உறை பாத்திரத்தை வீட்டிலேயே அமர்த்திவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், இந்தியா முழுவதும் 2022 ஜூலை 1 முதலும், ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தபின், பழைய பாத்திரத்தைப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்துள்ளது.

ஆனால் கடைக்காரருக்கு ஓர் ஐயம் உண்டு. ஊரார் கொண்டுவரும் பாத்திரங்கள் அனைத்தும் தூய்மையானவையா? ஒருவர் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்ட குழாய்முனை அடுத்தவர் பாத்திரத்தையும் தொடுமே! இந்த ஐயம் வீணானது என்று தள்ளிவிட முடியாது. 2020 மார்ச்சில் கொரோனா அச்சம் பரவியபோது, வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பைகளில் காப்பி ஊற்றுவதை ஸ்டார்பக்ஸ் நிறுவனம் நிறுத்தி வைத்தது. நோய் அச்சம் தோன்றினால் முதலில் வெளியே தள்ளப்படுவது மறுபடியும் பயன்படும் பாத்திரமே. உடனே உள்ளே வருவது எறிந்துவிடும் கோப்பையே. ஆகவே, பாத்திரத்தின் மேல் நம்பிக்கை நிலைக்க வேண்டுமானால், அது தூயது என்று காட்டும் வழி ஒன்று வேண்டும்.

அவ்வழிகளுள் ஒன்றாகச் சொல்லப்படுவதுதான் புற ஊதாப் பெட்டி. பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், அரை நிமிடத்தில் கிருமிகள் ஒழிந்துவிடும் என்கிறார்கள். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சற்று ஆராய்வோம்.

கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்திற்கு அப்பாலும் கதிர்கள் உள்ளன என்பதை 1801-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ரிட்டர் கண்டார். சூரிய ஒளி நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை 1877-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டவுன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் மெய்ப்பித்தனர். இன்று கிருமி நீக்கத்திற்குப் பெரிதும் பயன்படும் பாதரச ஆவி விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை வீசுகிறது. உயிரணுவின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. மிகுதியாக உறிஞ்சுவதோ 260 நானோமீட்டரை ஒட்டிய கதிர்களை. எனவே இந்தக் கதிர் நேரே கிருமியின் மரபுப் பொருளைத் தாக்குகிறது. அங்கு அடுத்தடுத்து அமைந்த தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து விடுகின்றன. பிணைந்த இடத்தில் டி.என்.ஏ. படியெடுக்க இயலாமல் தடைப்படுகிறது. கிருமி எரிந்து சாம்பலாவதில்லை, மலடாகிறது. பெருக இயலாத கிருமி நோய் செய்யாது.

இதற்கு எவ்வளவு கதிர் வேண்டும்? கதிரின் செறிவை நேரத்தால் பெருக்கி வருவதே அளவு. குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒழிய, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிஜூல் போதும். வெங்காயத் தோலின்மேல் கரும்பொடிபோல் படர்கிறதே, அந்தப் பூஞ்சையின் வித்துகளுக்கோ நூறு மில்லிஜூலுக்கு மேல் வேண்டும். ஆகவே ‘அரை நிமிடம்’ என்று மட்டும் சொன்னால் பொருளில்லை. எவ்வளவு செறிவில், எந்தக் கிருமிக்கு என்றும் சொல்ல வேண்டும்.

எனினும், அளவைவிடப் பெரிய சிக்கல் நிழல். எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் செய்யும் எளிய சோதனை ஒன்றைக் கூறுகிறேன். அகர் பரப்பிய தட்டில் பாக்டீரியாவைத் தடவி, மூடியை எடுத்துவிட்டு, பாதித் தட்டை அட்டையால் மறைத்துப் புற ஊதா விளக்கின்கீழ் வைப்போம். மறுநாள் பார்த்தால், மறைத்த பாதியில் பாக்டீரியா அடர்ந்து வளர்ந்திருக்கும். மறைக்காத பாதி வெறுமையாக இருக்கும். இரண்டுக்கும் இடையே அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் ஒரு கோடு! மற்றொரு தட்டைக் கண்ணாடி மூடியோடு வைத்தால் தட்டு முழுவதும் பாக்டீரியா வளரும். நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் சாதாரணக் கண்ணாடி, இக்கதிருக்குச் சுவராகிவிடுகிறது. தண்ணீர் பாட்டில் செய்யப் பயன்படும் பெட் பிளாஸ்டிக்கும் அப்படியே.

இனி நம் பாத்திரங்களை எண்ணிப் பாருங்கள். சொம்பின் கழுத்துக்குக் கீழே புடைத்த பகுதியில் மேலிருந்து விழும் கதிர் நேரே படுவதில்லை. டிபன் டப்பா மூடியின் வளையத்திலும், அதன் ரப்பர்ப் பட்டையின் அடியிலும் நிழலே. எவர்சில்வர் பளபளவென்று இருப்பதால் கதிரை நன்றாகத் திருப்பி அனுப்பும் என்று நினைப்போம். உண்மையில் தன்மேல் விழும் இக்கதிரில் பெரும்பங்கை அது விழுங்கிவிடுகிறது. கண்ணாடிப் பாட்டிலுக்கு வெளியே விளக்கு எரிந்தால் உள்ளே பயனில்லை. கதிர் வாய் வழியாகவே புக வேண்டும். போதாக்குறைக்கு, காய்ந்த பாலாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் கிருமிக்குக் கூரையாக அமைந்துவிடுகின்றன. பினாயில் இருந்த பாட்டிலை ஒருவர் கொண்டு வந்தால், கதிர் அதன் கிருமியைக் கொல்லலாம், பினாயிலைக் கழுவிவிடாது.

குறை அளவில் அடிபட்ட கிருமி பிழைத்தெழுவதும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் துணையால் சில நுண்ணுயிர்கள் தம் டி.என்.ஏ.-யில் நேர்ந்த பழுதைத் தாமே சரிசெய்து கொள்கின்றன என்பதை 1949-இல் அமெரிக்க விஞ்ஞானி கெல்னர் கண்டறிந்தார். கடை விளக்கு வெளிச்சமும் பாத்திரத்தின்மேல் விழத்தானே செய்கிறது!

மேலும், நாம் காணும் நீல ஒளி புற ஊதாக் கதிர் அன்று. புற ஊதா கண்ணுக்குத் தெரியாது. பாதரச விளக்கு உடன் வீசும் ஒளியே நீலமாகத் தெரிகிறது. ஏறத்தாழ 9000 மணி நேரம் எரிந்தபின், விளக்கு நீலமாகவே எரிந்து கொண்டிருக்கும். கிருமியைக் கொல்லும் கதிரோ மிகவும் குறைந்திருக்கும். முடிதிருத்தும் நிலையங்களில் நீல விளக்குப் பெட்டிக்குள் சீப்புகளும் கத்தரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே கதிர் வேலை செய்கிறதோ இல்லையோ, நீலம் வேலை செய்கிறது. வந்தவர் மனத்தில் நம்பிக்கையை ஊட்டிவிடுகிறது. எனக்கு அச்சம் தருவது இந்தப் பொய் நம்பிக்கையே. இதனை நம்பிக் கழுவுவதை விட்டு, ஒருநாள் நோய் பரவினால், பழி விளக்கின்மேல் விழாது, பாத்திரத்தின்மேல்தான் விழும்.

அப்படியானால் இக்கருவி வேண்டாமா? வேண்டும், ஆனால் கடைசிக் காவலாக மட்டுமே வேண்டும். முதலில் வெந்நீரிலும் சோப்பிலும் கழுவ வேண்டும். பிறகு நன்றாக உலர்த்த வேண்டும். அதன்பின் கதிர் காட்டலாம். வாய் அகன்ற, மடிப்பில்லாத, ஒரே அளவுள்ள பாத்திரங்களைக் கடையே வைத்திருந்து மாற்றிக் கொடுப்பது இன்னும் நன்று. குளிர்பானக் கண்ணாடிப் பாட்டில்கள் இவ்வாறே தொழிற்சாலைக்குத் திரும்பிச் சென்று, சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவப்பட்டு மீண்டும் நிரம்பி வருகின்றன. புற ஊதாப் பெட்டி வைக்கும் கடையில், விளக்கின் கதிரைக் கருவி கொண்டு அவ்வப்போது அளக்க வேண்டும். கதவு திறந்ததும் விளக்கு தானே அணைய வேண்டும். இக்கதிர் கண்ணையும் தோலையும் புண்படுத்தும்.

நண்பர்களே, நம் விடுதி உணவகத்திலோ கடைத்தெருவிலோ இப்படியொரு பெட்டியைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்கு முன் பாத்திரத்தைக் கழுவினீர்களா? உள்மூலை எங்கும் கதிர் படுகிறதா? விளக்கைக் கடைசியாக அளந்தது என்று? மூன்றுக்கும் விடை கிடைத்தால் தயங்காமல் பாத்திரத்தை நீட்டுங்கள். கிடைக்காவிட்டால், வீட்டில் நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து உலர்த்திய பாத்திரமே அந்தப் பெட்டியை விட மேலானது.