பாயிண்ட் போட்ட பெட்டி

திரேஸ்புரம் கரையில் நிற்கும் நாட்டுப்படகுகளில், வலைக்கும் நங்கூரத்துக்கும் கொடுக்கிற அதே கவனத்தோடு இன்று பாதுகாக்கப்படும் பொருள் ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும் ஜிபிஎஸ் கருவி. பாலித்தீன் உறையில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, கை நழுவினாலும் தண்ணீருக்குள் போகாதபடி நைலான் கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள். கட்டைவிரல் பட்டுப்பட்டுப் பித்தான்களின் எழுத்து அழிந்திருக்கும். திரையில் வரிசையாக எண்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாலைந்து எழுத்தில் ஒரு பெயர். கரையில் இருப்பவருக்கு அதில் ஒன்றும் புரியாது. படகுக்காரருக்கோ ஒவ்வொரு எண்ணும் ஓர் இடம்: கலவா ஒதுங்கும் கல், விளமீன் கூடும் பள்ளம், போன வருடம் வலை மாட்டிக் கிழிந்த பாறை. இப்படி ஓர் இடத்தைக் கருவியில் பதிந்து வைப்பதற்குப் ‘பாயிண்ட் போடுவது’ என்று பெயர்.

புதுக் கருவிகளின் மீது ஆசை நகரத்துக்காரர்களுக்கு மட்டும் உரியது என்றொரு எண்ணம் பரவலாக இருக்கிறது. தூத்துக்குடி கடற்கரையைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. இங்கே ஒவ்வொரு மீனவக் குடியிருப்பிலும் புதிதாக வந்த கருவியை முதலில் வாங்கி, பிரித்து, பொருத்தி, அக்கம்பக்கத்துப் படகுகளுக்கும் சொல்லிக் கொடுக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். கைக்காசில் வாங்கி உப்புக் காற்றில் சோதிக்கிறார்கள். தாங்காத கருவிக்கு அடுத்த பருவத்தில் படகில் இடம் கிடைக்காது.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் இடம் குறித்தது கண். கரையில் தெரியும் உயரமான இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பது, வேறொரு திசையில் இன்னும் இரண்டை அதே போல வைப்பது, இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் நங்கூரம் போடுவது. தென்கடலோரத்தில் இதைக் கணியம் என்பார்கள். கோவில் கோபுரம், மாதா கோவில் முகப்பு, கலங்கரை விளக்கம், பனைக்கூட்டம், தேரி மேடு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 9 நிலைகள் கொண்ட திருச்செந்தூர் ராஜகோபுரம் பக்தர்களுக்குத் தரிசனம், தென்பக்கம் தொழில் செய்யும் படகுக்கு அளவுகோல். 1979இல் ஓடத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தூத்துக்குடிக்கு இன்னொரு அடையாளத்தைக் கொடுத்தன.

கணியம் குடும்பச் சொத்து. அப்பா மகனுக்குக் காட்டுவார், அண்ணன் தம்பிக்குக் காட்டுவார். பக்கத்துப் படகு நெருங்கினால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் நிற்பது போலப் பாவனை செய்வார்கள். மன்னார் வளைகுடாவின் அடித்தளம் ஒரே மணல்வெளியாக இல்லாமல் இடையிடையே பாறைத் திட்டுகளாக இருப்பதே இதற்குக் காரணம். இந்தத் திட்டுகளைத்தான் பார் என்கிறார்கள். முத்துச்சிப்பிகள் ஒட்டி வளர்ந்ததும் இவற்றில்தான். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் போன்றவை கரையிலிருந்து 12 முதல் 20 கிலோமீட்டர் தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. பார் இருக்கும் இடத்தை விட்டு நூறு மீட்டர் விலகி வலை போட்டால் வெறும் மணல்.

அந்த நூறு மீட்டரில்தான் ஜிபிஎஸ்ஸின் கதையே இருக்கிறது. அமெரிக்க ராணுவம் உருவாக்கிய இந்த அமைப்பு 1995இல் முழுமை பெற்றபோது, பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப் போகலாம். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். ஒரே இரவில் உலகம் முழுக்க இருந்த பழைய கருவிகள்கூடப் பத்து, இருபது மீட்டருக்குள் இடம் சொல்ல ஆரம்பித்தன. கணியம் பார்ப்பவரின் துல்லியத்தோடு போட்டி போடும் தகுதி இந்தப் பெட்டிக்கு அன்றைக்குத்தான் வந்தது. மூட்டமான நாளிலும், கரை மறையும் தூரத்திலும், நள்ளிரவிலும் அது இடம் காட்டியது. கண்ணால் அங்கெல்லாம் ஒன்றும் செய்ய முடியாது.

கைப்பேசியிலும் இதே வசதி உண்டே, தனியாக எதற்கு இன்னொரு கருவி என்று கேட்கலாம். ஈரக் கையும் மீன் வழவழப்பும் பட்டால் தொடுதிரை குழம்பிவிடும். உச்சி வெயிலில் திரை தெரியாது. சார்ஜ் போடும் துளைக்குள் உப்பு ஏறிப் பச்சை பூத்துவிடும். பித்தான் வைத்த கார்மின் கருவிகள் படகுகளில் இத்தனை காலம் தாக்குப்பிடித்து நிற்பதற்கு இவையே காரணம். சாதாரண பேட்டரி போட்டால் ஓடும், தண்ணீர் பட்டாலும் சாகாது.

ஆனால் எண்ணாக மாறிய ரகசியத்தைக் காப்பது கடினம். கணியத்தைக் கற்கப் பல வருடம் அந்தப் படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பாயிண்டைக் களவாடச் சில நிமிடங்கள் போதும். கூலிக்கு வந்தவர் எண்ணைக் குறித்துக்கொண்டு போகலாம், பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் நகல் எடுக்கலாம். அதனால் பெயரை மாற்றிப் போடுவது, எண்ணில் ஓர் இலக்கத்தைத் தனக்கு மட்டும் தெரியும்படி கூட்டி எழுதுவது போன்ற தந்திரங்களுக்குத் தேவை வந்துவிட்டது. கலையாக இருந்தது தகவலானதும் அதற்குப் பூட்டும் தேவைப்படுகிறது.

இப்படிக் குடும்பம் குடும்பமாகக் காத்த ரகசியத்துக்கு நேர் எதிரான ஒன்றும் இதே கடலில் நடக்கிறது. தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவு அரிப்பில் கரைந்துகொண்டிருந்தபோது, 2015 முதல் அதைச் சுற்றிக் கான்கிரீட் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கினார்கள். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து செய்த வேலை அது. அலையின் வேகத்தைத் தணிக்க இறக்கிய கல்லில் பவளமும் மீனும் குடியேறின. அப்படி ஓர் இடத்தை யாரும் தன் பாட்டனிடமிருந்து பெறவில்லை.

அடுத்த பெட்டி எக்கோ சவுண்டர். இதன் பிறப்பே ஒரு மீனவர் சொன்ன தகவலில் இருந்து வந்தது. ஜப்பானின் நாகசாகிப் பகுதியில் படகுகளுக்கு மின்சார வேலை செய்துகொண்டிருந்த ஃபுருனோ சகோதரர்களிடம், குமிழி வரும் இடத்தில் மீன் இருக்கும் என்றார் அனுபவம் மிக்க ஒரு மீனவர். குமிழியில் ஒலி மோதித் திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆழம் அளக்கும் பழைய கருவியைத் திருத்தி, 1948இல் உலகின் முதல் நடைமுறைக்குரிய மீன் காட்டும் கருவியைச் செய்தார்கள். ஃபுருனோ என்ற பெயர் இன்றைக்கும் துறைமுகங்களில் மரியாதையோடு உச்சரிக்கப்படுகிறது.

படகின் அடியில் பொருத்திய உணரி ஒலியைக் கீழே அனுப்பும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும். திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழம் தெரியும். சேறாக இருந்தால் ஒலியை விழுங்கிவிடும், கோடு மெலிந்து வரும். கல்லாக இருந்தால் பலமாகத் திருப்பியடிக்கும், தடித்த சிவப்புப் பட்டையாக நிற்கும். மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப் பை தனி எதிரொலி தரும். ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் அளந்து, குண்டில் ஒட்டி வந்த மண்ணைப் பார்த்து அடித்தளம் அறிந்த தலைமுறைக்கு இந்தத் திரையில் தெரிவது புது விஷயமே இல்லை. பழைய கேள்வி, விரைவான பதில். அதனால்தான் வயதானவர்களும் இதைத் தயக்கமின்றி ஏற்றார்கள்.

கேமராவுக்கு வருவோம். மார்பிலும் தலையிலும் மாட்டிக்கொள்ளும் சிறு கேமராக்களும் நல்ல கைப்பேசிகளும் கைக்கு எட்டிய பிறகு, இந்தக் கடலோரத்திலிருந்து யூடியூப் அலைவரிசைகள் முளைத்தன. ‘தூத்துக்குடி மீனவன்’, பக்கத்து மாவட்டத்து ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ ஆகியவற்றை லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். வலை இழுப்பதும், படகிலேயே குழம்பு வைப்பதும், மீனின் பெயரைச் சொல்லிக் காட்டுவதும் கரையை அறியாத தமிழர்களுக்குப் பெரிய கல்வி. சந்தையில் மீன் வாங்கும் கண்ணே மாறியிருக்கிறது. ஒரு சங்கடமும் உண்டு: படத்தின் பின்னணியில் கரை தெரிந்தால், கணியம் தெரிந்த வேறொருவர் அதைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் மீன்பாடு கூட்டும் கருவிகள், அல்லது பார்வையாளரைக் கூட்டும் கருவிகள். இவற்றை யாரும் சொல்லாமலே வாங்கினார்கள். உயிரைக் காக்கும் கருவியோ எப்போதும் தாமதமாக, ஒரு பேரிழப்புக்குப் பிறகுதான் வருகிறது. கவலைப்பட வேண்டிய இடம் இது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுத்தபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பல நாள்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தன. கைப்பேசிக் கோபுரத்தின் எல்லை கரையிலிருந்து சில கிலோமீட்டரோடு முடிந்துவிடும். விஎச்எஃப் வானொலியும் சில பத்து கிலோமீட்டரைத் தாண்டாது. செயற்கைக்கோள் தொலைபேசியை ஒருவர் தாமாக வாங்கி வைத்தால் அது குற்றம், துராயா, இரிடியம் வகைகளுக்கு இந்தியாவில் தடை. எங்கே இருக்கிறோம் என்று ஜிபிஎஸ் துல்லியமாகக் காட்டியது. அதைக் கரைக்குச் சொல்லத்தான் வழியில்லை.

அதன் பிறகு வரிசையாகக் கருவிகள் வந்தன. 2019 அக்டோபரில் ஹைதராபாத்தின் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ், ஜெமினி என்ற கையடக்கப் பெட்டியை வெளியிட்டது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையையும் மீன் கூடும் இடத் தகவலையும் வாங்கி, புளூடூத் வழியே கைப்பேசிக்குத் தரும். கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவானது டிரான்ஸ்பாண்டர்: இருபக்கமும் குறுஞ்செய்தி போகும், ஆபத்துப் பித்தானை அழுத்தினால் கரையில் தெரியும், இந்தியாவும் இலங்கையும் 1976 உடன்படிக்கையில் மன்னார் வளைகுடாவில் வகுத்த எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கும். ஒரு லட்சம் படகுகளுக்கு இதை இலவசமாகப் பொருத்தும் சுமார் 360 கோடி ரூபாய்த் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிவைத்தார். நல்ல வேலை. ஒக்கிக்கு முன்பே வந்திருக்க வேண்டிய வேலை.

கடலின் மேல்மட்டத்துக்கு இப்படி ஒரு வழி பிறந்துவிட்டது. கடலின் அடியில் தொழில் செய்பவர்களுக்கு இன்னும் பிறக்கவில்லை.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சங்கு குளிப்பு நிற்கவில்லை. முன்பு கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மூச்சடக்கி, ஒரு நிமிடம் போல அடியில் தேடிவிட்டு, மேலே இருப்பவர் கயிற்றை இழுக்க ஏறி வருவார்கள். கயிறு பிடிக்க மச்சானை நிறுத்துவார்கள் என்பது இந்தக் கரை முழுக்கச் சொல்லப்படும் வழக்கம். தன் அக்காவோ தங்கையோ தாலி அறுக்க எந்தத் தம்பியும் அண்ணனும் விடமாட்டான் அல்லவா. இன்று அந்தக் கயிற்றின் இடத்தில் பிளாஸ்டிக் குழாய். படகில் கம்ப்ரஸர் ஓடும், குழாய் வழியாகக் காற்று இறங்கும், குளியாளி வாயில் கவ்விக்கொண்டு அடியில் நடப்பார். கம்ப்ரஸரோ டயருக்குக் காற்றடிக்கவும் பெயின்ட் அடிக்கவும் செய்யப்பட்ட வகை. மனித மூச்சுக்கென்று செய்தது கிடையாது.

மூச்சடக்கிப் போனவரை அவர் நெஞ்சே மேலே கூப்பிட்டுவிடும். கம்ப்ரஸர் கூப்பிடாது. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. 18 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நேரடியாக மேலே வருவதற்கான வரம்பு. அதற்கு மேல் இருந்துவிட்டுச் சட்டென்று ஏறினால் நைட்ரஜன் குமிழியாகப் பிரிந்து மூட்டைத் தாக்கும், தண்டுவடத்தைத் தாக்கினால் கால் விளங்காமல் போகும். இயந்திரப் புகை காற்றுக் குழாய்க்குள் போய்விட்டால் குளியாளி அடியிலேயே மயங்குவார்.

உல்லாசத்துக்காக ஸ்கூபா பழகுகிறவர்கள் மணிக்கட்டில் டைவ் கம்ப்யூட்டர் கட்டியிருப்பார்கள். கைக்கடிகாரத்தை விடச் சற்றுப் பெரியது. எத்தனை ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தார் என்பதைத் தொடர்ந்து கணக்கிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று காட்டும், வேகமாக ஏறினால் ஒலியெழுப்பும். தொடக்க நிலைக் கருவி ஒன்று, நல்ல கையடக்க ஜிபிஎஸ் விலைக்குக் கிடைக்கிறது. வருடத்துக்குச் சில நாள் விளையாட்டாக மூழ்குபவர் கையில் அது இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்கு அடித்தளத்தில் நடப்பவருக்குத்தான் முதலில் கிடைத்திருக்க வேண்டும்.

படகுக்கு டிரான்ஸ்பாண்டரை இலவசமாகத் தரும் அரசு இதையும் தன் பட்டியலில் சேர்க்கலாம். சேர்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிபிஎஸ் படகுக்கு ஒன்று போதும். டைவ் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கணக்கோ ஓர் ஆளின் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் கணக்கு. காலையில் ஒருவர் கட்டியதை மத்தியானம் இன்னொருவர் கட்டிக்கொண்டு இறங்கினால் அது காட்டும் எண் அவருக்கானதாக இருக்காது. நான்கு பேர் குளிக்கும் வள்ளத்துக்கு நான்கு கருவி வேண்டும்.