கெஸ்ட் லெக்சரை எப்படிக் கேட்கிறது?

மக்களே, பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. கூடவே கெஸ்ட் லெக்சர் சீசனும். தலைமைப் பண்பு, விடாமுயற்சி, வேலையின் எதிர்காலம்னு தலைப்பு மாறிக்கிட்டே இருக்கும், ஆடிட்டோரியம் மட்டும் எப்பவும் ஃபுல் (அட்டெண்டன்ஸ் எடுப்பாங்கல்ல!). நல்ல பேச்சாளர் கிடைச்சா கேட்கும்போது சிலிர்க்கும். அது தப்பே இல்ல. ஆனா நாலாவது கம்பெனியும் ரிஜெக்ட் பண்ணின அன்னிக்கு, ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்திருக்கிற நண்பனுக்கு அந்தப் பேச்சிலிருந்து 'விடாம முயற்சி பண்ணு' என்ற ஒரு வரி மட்டும்தான் மிஞ்சினா, அது ஆறுதலா கேட்காது. 'நீ இன்னும் ஒழுங்கா முயற்சி பண்ணல'ன்னு திட்டுற மாதிரி கேட்கும்.

அதனால ஒரு கதையில எதைக் கவனிக்கணும்னு பார்ப்போம். எல்லாருக்கும் தெரிஞ்ச கதையையே எடுத்துக்குவோம்: அப்துல் கலாமும் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டும்.

1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்புச்சு, முதல் ஸ்டேஜ் நல்லா வேலை செஞ்சுது, இரண்டாவது ஸ்டேஜ் கட்டுப்பாட்டை இழந்துச்சு. கொஞ்ச நிமிஷத்துல எல்லாமே வங்காள விரிகுடாவில். 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 'தோத்தார், துவளல, ஜெயிச்சார்'னு முப்பது செகண்ட் ரீல்ஸ்ல கதை முடிஞ்சிடும்.

கலாம் மேடைகள்ல சொன்ன கதை இதைவிடப் பெருசு. கவுண்ட்டவுன் முடியப்போற நேரத்துல கம்ப்யூட்டர் லாஞ்சை நிறுத்தி வெச்சுது. கட்டுப்பாட்டு அமைப்புல ஒரு கசிவு. 'பரவாயில்ல, போதுமான அளவு இருக்கு'ன்னு நிபுணர்கள் சொல்ல, திட்ட இயக்குநரான கலாம் கம்ப்யூட்டரை மீறி அனுப்ப முடிவெடுத்தார். அந்த முடிவு தப்பாப் போச்சு. ஒரு வால்வு சரியா மூடாம நைட்ரிக் அமிலம் கசிஞ்சதால, இரண்டாவது ஸ்டேஜைத் திருப்பி நேராக்க வேண்டிய அமைப்புக்கு வேலை செய்ய முடியல. அதாவது, அவர் தன்னோட தவறான முடிவையே மேடையில திறந்து வெச்சார். என்னைக் கேட்டா, அவர் பேச்சுல ரொம்பப் பெரிய விஷயம் அதுதான்.

அடுத்தது பிரஸ் மீட். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், கலாமை முன்னாடி தள்ளாம, தானே பத்திரிகையாளர்கள்கிட்ட பேசி தோல்விக்குப் பொறுப்பு எடுத்துக்கிட்டார். அடுத்த வருஷம் ஜெயிச்சப்போ, 'நீங்க போய் பேசுங்க'ன்னு கலாமை அனுப்பினார்.

இப்போ கூட்டிப் பாருங்க. திட்டு வாங்க வேண்டிய இடத்துல முன்னாடி நின்ன ஒரு மேலதிகாரி. தப்பு எந்த வால்வுலன்னு கண்டுபிடிச்ச ஆய்வு. ஒரு வருஷத்துக்குள்ள பறக்க இன்னொரு ராக்கெட். கலாமோட மன உறுதி உண்மைதான், ஆனா அது இந்த மூணு மேலயும் நின்னுச்சு. இதை எடுத்துட்டு 'மன உறுதி'யை மட்டும் நம்ம கையில கொடுத்தா, பாதி சர்க்யூட்டைக் கொடுத்துட்டு பல்பு ஏன் எரியலன்னு கேட்கிற கதைதான். நண்பன் ரிஜெக்ட் ஆகி வந்தா 'சியர் அப்'னு ஸ்டிக்கர் அனுப்புறதோட நிக்காம, எந்த ரவுண்டுல எந்தக் கேள்வியில போச்சுன்னு கூட உட்கார்ந்து பார்க்கலாம். அதுதான் நம்ம அளவுக்கான ஃபெயிலியர் அனாலிசிஸ்.

வேலையின் எதிர்காலம் பற்றிப் பேசுறவங்க விஷயம் கொஞ்சம் வேற. அங்க கதைக்குப் பதிலா எண் வரும், பயம் வரும். '47 சதவீத வேலைகள் காணாமப் போகும்' என்பது பிரபலமான ஒண்ணு. அது 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் எழுதிய ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்காவின் 702 தொழில்களை எடுத்து, அதுல 70-க்கு மட்டும் கையால லேபிள் போட்டு, மீதியை மெஷின் லேர்னிங் மாடலை வெச்சுக் கணிச்சாங்க. 47 சதவீதம்னு சொன்னது, தொழில்நுட்ப ரீதியா இயந்திரமயமாக அதிக வாய்ப்புள்ள அமெரிக்க வேலைகளை. 'போயிடும்'னு அவங்க சொல்லல. 2016-ல் ஓ.இ.சி.டி. வெளியிட்ட இன்னொரு ஆய்வு, முழுத் தொழிலா பார்க்காம அதுக்குள்ள இருக்கிற தனித்தனிப் பணிகளைப் பார்த்துச்சு. அதுல 21 நாடுகளின் சராசரி 9 சதவீதம். அளக்கிற யூனிட் மாறினதும் 47 எங்க, 9 எங்க! ரெண்டுமே சாட்ஜிபிடி வர்றதுக்கு முன்னாடி எடுத்தவை, ரெண்டுமே இந்தியாவைப் பற்றியதில்ல. அதனால மேடையில ஒரு சதவீதம் வந்தா எந்த நாடு, எந்த வருஷம், எதை அளந்தாங்கன்னு ஒரு ஓரமா குறிச்சு வைங்க. லேப் ரெக்கார்டுல யூனிட் போடலன்னா மார்க் போகுமே, அதே ரூல்தான்.

கடைசியா, கொஸ்டின் ஹவர்ல மைக் உங்க கைக்கு வந்தா 'சார், உங்க வெற்றியோட ரகசியம் என்ன?'ன்னு கேட்காதீங்க, அதுக்குப் பதில் ஏற்கனவே ஸ்லைடுல இருக்கும். 'நீங்க தோத்த அன்னிக்கு உங்க பக்கத்துல யார் நின்னாங்க? அடுத்த ஆறு மாசம் செலவுக்கு என்ன பண்ணீங்க?'ன்னு கேளுங்க. நல்ல பேச்சாளரா இருந்தா, ஸ்லைடை விட்டுட்டுப் பேச ஆரம்பிப்பார்.