அட்டையில் ஒரு வெற்றுக் கட்டம்

பாலக்காட்டு நகரை ஒட்டி, ஆற்றங்கரையில் அமைந்த ஊர் கல்பாத்தி. பல நூற்றாண்டுகளுக்கு முன் தஞ்சைப் பகுதியிலிருந்து சென்று குடியேறிய தமிழர்களின் வழிவந்தோர் அங்கு வாழ்கின்றனர். பிற்காலத்தில் அவர்களுள் பலர் வேலை நிமித்தமாகச் சென்னை, மும்பை, தில்லி முதலிய நகரங்களுக்குச் சென்றனர். தெற்கே இடுக்கி மலைகளில் தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும் உழைக்கும் தமிழர்களுள் பலர், தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து மலையேறி வந்து செல்பவர்கள்.

ஊர் விட்டு ஊர் செல்வது தமிழர்க்குப் புதிதன்று. ஆனால், செல்லும் குடும்பத்தில் கைக்குழந்தை இருந்தால் ஒரு கேள்வி எழுகிறது. அக்குழந்தை பெற வேண்டிய தடுப்பூசிகளை யார் கணக்கில் வைத்திருப்பது?

தவணைகள்

தடுப்பூசி ஒரே நாளில் முடிந்துவிடுவதன்று. பிறந்தவுடன் காசநோய், இளம்பிள்ளை வாதம், கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கு எதிரான மருந்துகள் தரப்படுகின்றன. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசி மூன்று தவணைகளாகப் போடப்படுகிறது. இத்தடுப்பூசி 2011ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறிமுகமானது. ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் அதன் இரண்டாம் தவணையும் தரப்படுகின்றன.

ஒவ்வொரு தவணையும் தாய் சேய் நல அட்டையில் ஒரு கட்டத்தில் குறிக்கப்படுகிறது.

ஒரு குழந்தையை எண்ணிப் பார்ப்போம். தாயின் பிறந்தகமான தஞ்சாவூரில் அது பிறக்கிறது. முதல் மருந்துகளை அங்கே பெறுகிறது. இரண்டு மாதம் கழித்துக் கல்பாத்திக்கு வருகிறது. தந்தைக்குப் பணிமாற்றம் கிடைக்கவே, நான்காம் மாதத்தில் தில்லிக்குப் போகிறது. தஞ்சாவூர்ப் பதிவேட்டில் அது ஊரை விட்டுச் சென்ற குழந்தை. தில்லிப் பதிவேட்டில் அதன் பெயரே இல்லை. பெற்றோர் அக்கறை உள்ளவர்களாக இருந்தும், இரண்டு பதிவேடுகளுக்கு இடையில் குழந்தை தவறிவிடுகிறது. அட்டையில் ஒரு கட்டம் வெறுமையாக நிற்கிறது.

எண்கள் காட்டும் வழி

இத்தகைய குழந்தைகளைக் கண்டறியச் சுகாதாரத் துறையினர் எண்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். ஓர் ஊரில் 100 குழந்தைகள் முதல் தவணை பெற்று, 80 குழந்தைகள் மட்டுமே மூன்றாம் தவணை பெற்றனர் எனக் கொள்வோம். இடையில் நின்றோர் 20 விழுக்காடு. அந்த 20 குழந்தைகளின் பெற்றோர் முதலில் ஊசி போட விரும்பியவர்களே. பின்னர் ஏதோ ஒரு தடை குறுக்கிட்டுள்ளது. வேறோர் ஊரில் முதல் தவணையே பலருக்குக் கிடைக்கவில்லை எனில், அங்கே மருத்துவச் சேவை சென்று சேரவில்லை, அல்லது மக்களிடம் ஐயம் இருக்கிறது என உணரலாம்.

சராசரி சில நேரம் உண்மையை மறைத்துவிடும். தலா 100 குழந்தைகள் உள்ள இரண்டு ஊர்களில் ஒன்றில் 98 பேரும் மற்றொன்றில் 70 பேரும் தடுப்பூசி பெற்றால், சராசரி 84. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு, இரண்டாம் ஊரின் 30 குழந்தைகள் தெரியமாட்டார்கள். எனவே மாவட்டக் கணக்கோடு நில்லாமல், ஊர்வாரியாகவும் தோட்டவாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பாலக்காட்டின் அண்டை மாவட்டமான மலப்புறம் இதற்குச் சான்று. தடுப்பூசியில் கேரளம் முன்னணி மாநிலம். எனினும், 2016ஆம் ஆண்டு மலப்புறத்தில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. சிறார் உயிரிழப்பும் நேர்ந்தது. மாநிலத்தின் நல்ல சராசரிக்குள், தடுப்பூசி பெறாத பல குழந்தைகள் மறைந்திருந்தனர். அதன்பின் விடுபட்டவர்களைத் தேடிச் சென்று ஊசி போடும் பணி அங்கு விரைவுபடுத்தப்பட்டது.

தட்டம்மை இன்னும் வேகமாகப் பரவுவது. அதைத் தடுக்க 100 பேரில் 95 பேராவது இரண்டு தவணைகளும் பெற்றிருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அப்போதுதான் ஊசி போட இயலாத பச்சிளங்குழந்தைகளுக்கும் காப்புக் கிடைக்கும். ஐப்பசியில் கல்பாத்தித் தேர் ஒருவர் கையால் நகர்வதில்லை. ஊர் கூடி இழுத்தால்தான் நகரும். நோய்த்தடுப்பும் அத்தகையதே.

அரசின் துணை

இந்திய அரசு 1985ஆம் ஆண்டு அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின் ஊசிகள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிப் போடப்படுகின்றன. இம்மருந்துகள் பெரும்பாலும் 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஆதலால் கிடங்கு முதல் மலையூர் வரை குளிர்ப்பெட்டிகள் தொடர்ந்து பயன்படுத்தப்படுகின்றன.

2014ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், 'இந்திரதனுஷ்' என்னும் வானவில் திட்டம் தொடங்கப்பட்டது. ஏழு நோய்களைத் தடுக்க எழுந்ததால் ஏழு வண்ண வில்லின் பெயர் பெற்றது. நாடு முழுவதும் ஒரே வகையில் முயலாமல், விடுபட்ட குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்ந்த 201 மாவட்டங்களைக் கணக்கிட்டு, அங்கே முதலில் பணி தொடங்கியது.

இளம்பிள்ளை வாதத்தை ஒழித்த முறையும் இதுவே. தொடர்வண்டி நிலையங்களிலும் செங்கற்சூளைகளிலும் கட்டடம் கட்டும் இடங்களிலும், இடம்பெயரும் குழந்தைகளைத் தேடிச் சென்று சொட்டு மருந்து தந்தனர். சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் சுண்டுவிரலில் மையிட்டனர். 2011க்குப் பின் இந்தியாவில் அந்நோய் பரவவில்லை. 2014 மார்ச் 27ஆம் நாள் அதற்கான சான்று கிடைத்தது.

இடம்பெயரும் குடும்பங்களுக்கு இன்று உதவுவது 'யூ-வின்' என்னும் மின்னணுப் பதிவேடு. 2023ஆம் ஆண்டு 65 மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்டது. ஓரூரில் பதிந்த தவணையை மற்றோர் ஊரிலும் காணவும், எங்கிருந்தாலும் அடுத்த தவணையைப் பெறவும் இது வழிசெய்கிறது.

ஆயினும், எண் இடத்தைத்தான் காட்டும். காரணத்தை மனிதர்தாம் கேட்டறிய வேண்டும். ஊசி போடும் நாளில் ஒருநாள் கூலியை இழக்க இயலாத தோட்டத் தொழிலாளியின் நிலையைக் கணினி அறியாது. ஊசிக்குப்பின் வரும் காய்ச்சலைக் கண்டு அஞ்சும் தாயின் மனத்தையும் அறியாது. வீடு தேடிச் செல்லும் செவிலியரும் ஆஷா பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளருமே அவற்றை அறிந்து, தீர்வும் காண்கின்றனர்.

தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆதலால் ஊர் மாறும்போது பாத்திரம் பண்டங்களோடு தாய் சேய் நல அட்டையையும் மறவாது எடுத்துச் செல்வதும், புதிய ஊரில் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் அதைக் காட்டுவதும் குடும்பத்தின் கடமை. அட்டையிலுள்ள வெற்றுக் கட்டம் எவர் கண்ணிலேனும் பட்டால்தான் அது நிரம்பும்.

சொற்பொருள்

தவணை – குறித்த காலத்தில் பெறும் ஒரு பகுதி
பிறந்தகம் – பெண் பிறந்த வீடு
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு
ஐயம் – சந்தேகம்

சிந்தித்து எழுதுக

1. சராசரி எவ்வாறு உண்மையை மறைக்கக்கூடும்? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ஓர் ஊரில் 120 குழந்தைகள் முதல் தவணையும், அவர்களுள் 90 பேர் மூன்றாம் தவணையும் பெற்றனர். இடையில் நின்றோர் எத்தனை விழுக்காடு?
3. உம் தடுப்பூசி அட்டையைப் பெற்றோரிடம் கேட்டுப் பார்த்து, எந்தெந்த ஊர்களில் ஊசி போடப்பட்டது என ஐந்து வரிகளில் எழுதுக.